கடைசிக் கை

கோவலனைக் கொன்றவர் யார்? வாளை ஓங்கி வெட்டியவன் குடிவெறியில் இருந்த ஒரு காவலன். சிலப்பதிகாரக் காப்பியம் அவனுக்குப் பெயர்கூடத் தரவில்லை. உடன் வந்த காவலர்களுக்கு முதலில் தயக்கம் இருந்தது. எதிரே நிற்பவனின் தோற்றம் கொல்லப்பட வேண்டியவனின் தோற்றமாக இல்லையே என்று அவர்கள் சொல்லவும் செய்தார்கள். அந்தத் தயக்கத்தைக் கரைப்பதற்காகவே, கோவலன் மேல் களவுப் பழி சுமத்திய பொற்கொல்லன் களவுத் தொழிலின் நுணுக்கங்களை நெடுநேரம் விரித்துப் பேசுகிறான். அதற்கும் முன்னால் அரண்மனையில், ஊடல் கொண்டு போன தேவியைத் தேற்றும் அவசரத்தில் நடந்துகொண்டிருந்த பாண்டியன், தேவியின் சிலம்பு கோவலனிடம் இருந்தால் அவனைக் கொன்றுவிட்டு அதைக் கொண்டுவரும்படி போகிற போக்கில் சொல்லிவிட்டான். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, குற்றம் சாட்டப்பட்டவனை ஒருமுறை கண்ணால் பார்க்கவும் இல்லை. பொய் சொன்னவன், ஆணையிட்டவன், வெட்டியவன் என்று மூன்று பேர் இந்தச் சாவில் இருக்கிறார்கள். கோவலன் மனைவி கண்ணகியின் சிலம்பு உடைந்து உள்ளிருந்த மாணிக்கம் தெறித்ததும் அரசன் என்ன செய்தான் என்பதுதான் என் கவனத்துக்கு உரியது. காவலன் அவசரப்பட்டான் என்றோ பொற்கொல்லன் ஏமாற்றிவிட்டான் என்றோ அவன் சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான். அவனோ, பொற்கொல்லன் பேச்சைக் கேட்டதையே தன் குற்றமாகச் சொல்லி, கள்வன் தானே என்று அறிவித்துவிட்டு அரியணையிலேயே உயிர் துறக்கிறான்.

அந்த வழக்கின் தடயப் பொருள் இந்தத் தூத்துக்குடிக் கடற்கரையோடு தொடர்புடையது. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்து. வாயிற்காவலன் அந்த அரசனைக் கொற்கையின் வேந்தன் என்று வாழ்த்தித்தான் கண்ணகி வந்திருக்கும் செய்தியைச் சொல்கிறான். தாமிரபரணி கடலில் கலந்த இடத்தில் இருந்த கொற்கை இன்று கடல் பின்வாங்கிப்போன உள்நாட்டுச் சிற்றூர். அதன் துறைமுக வாழ்வு முதலில் காயலுக்கும் பிறகு தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்’, பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு கடலடிக்குப் போவதும், சுறா திரியும் நீரில் சிப்பி அரிவதும் ஒருவனை எப்போது வேண்டுமானாலும் முடித்துவிடக்கூடிய வேலை. அவன் மேலே வராமல் போனால் கடல் கொண்டுபோனது என்பார்கள். அவனை இறக்கிவிட்டவரை யாரும் கொலையாளி என்று சொல்லமாட்டார்கள். பெரிப்ளஸின் குறிப்பு அந்த ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. எத்தனை பேர் மாண்டார்கள் என்று அது சொல்லவில்லை. ஆனாலும் ஓர் உயிரைப் போக்குவதற்கு வாள் தேவையில்லை, ஓர் ஆணையும் ஓர் ஆழமும் போதும் என்பதை இந்தக் கரை 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது.

கோவலன் கதைக்குக் கொற்கையில் ஒரு பின்கதையும் உண்டு. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை அதைச் சொல்கிறது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வறுமையும் நோயும் பரவியபோது, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்று கண்ணகிக்குக் களவேள்வி செய்தான், சாந்தி நடந்தது, மழை பெய்தது. இது வரலாற்றில் நடந்ததா, பின்னால் சேர்ந்த கதையா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. கதையாக இருந்தாலும் அது சொல்லும் மனப்போக்கு உண்மையானது. ஒருவன் செய்த பொய்க்கு அவன் தொழிலைச் செய்த ஆயிரம் பேர் வெட்டப்படுகிறார்கள். அதற்கு வேள்வி என்று பெயர். மதுரையில் ஓர் அரசன் ஆணையிட்ட வாய் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு மடிந்தான். அவன் வழிவந்தவன் அந்தப் பழியை எடுத்து, கைக்கு எட்டிய ஒரு சமூகத்தின் தலையில் இறக்கினான். கொலை என்ற செயலை நாம் இன்றுவரை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதற்கு இவை இரண்டும் இரண்டு வழிகள். முதல் வழியே அறம் என்று நம் சமய நூல்கள் பலவும் வெவ்வேறு திசையிலிருந்து வந்து ஒப்புக்கொள்கின்றன. நம் வழக்கமோ பெரும்பாலும் இரண்டாவது வழியிலேயே போகிறது. ஓர் உயிர் போனால் கடைசியாகத் தொட்ட கையை மட்டும் தேடுகிறோம். அந்தக் கை அதிகாரமுள்ள கையாக இருந்தால் அதையும் தேடுவதில்லை.

உயிர்க்கொலையைத் தொழிலோடு சேர்த்துப் பார்த்த பழைய சமுதாயத்தில் இது தெளிவாகவே தெரியும். மீன் பிடிப்பவர், சிப்பி அரிப்பவர், ஆடறுப்பவர், தூக்குக் கயிற்றை இழுப்பவர் ஆகியோர் மேல் பாவமும் தாழ்வும் ஏற்றப்பட்டன. முத்துக் குளிப்பில் கரைக்கு வந்த சிப்பிகளைக் குவித்து, அழுகவிட்டு, கழுவித்தான் முத்தெடுப்பார்கள். கோடிக்கணக்கான உயிர்கள் அந்தக் குவியல்களில் மக்கின. அந்த நாற்றம் இந்தக் கரையின் மீனவரான பரதவர் குடியிருப்பில் தங்கியது. முத்து அரசன் கழுத்துக்கும் கோயில் நகைப் பெட்டிக்கும் வணிகர் கணக்குக்கும் போனது. முத்தை அணிந்தவர் கை சுத்தம், அரித்தவர் கை அசுத்தம் என்று ஆகிவிட்டது. இதை ஏற்காத குரல் நம் நூல்களிலேயே இருக்கிறது. புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர், தின்பவர் இல்லையென்றால் விலைக்கு விற்பவரும் இருக்கமாட்டார் என்ற வாதத்தை வைக்கிறார். வாங்குபவரின் காசு வெட்டுபவரின் கத்திக்கு முன்னால் போகிறது என்பதே அதன் உட்பொருள். மனுஸ்மிருதியின் மேல் எனக்குப் பல விதங்களில் மறுப்பு உண்டு. ஆனால் அதன் 5ஆம் அத்தியாயம் இந்த ஓரிடத்தில் கூர்மையாகப் பேசுகிறது. இசைவு தந்தவர், கூறு போட்டவர், கொன்றவர், வாங்கியவர், விற்றவர், சமைத்தவர், பரிமாறியவர், உண்டவர் என்று எட்டுப் பேரையும் அது கொலையாளி என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. பட்டியலின் தலையில் இருப்பவர் இசைவு தந்தவர்.

சமணம் இதை இன்னும் ஆழமாக எடுத்துப் பேசிய சமயம். தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளின் தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள் உள்ளன. குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அங்கே கிடைக்கின்றன. அவர்கள் கற்பித்த அறத்தில் வினை மூன்று வகையால் ஒருவரைச் சேரும்: தானே செய்வது, பிறரைச் செய்விப்பது, பிறர் செய்ததற்கு உடன்படுவது. மூன்றும் மனம், வாக்கு, காயம் என்ற மூன்று வாயிலாலும் நிகழும். பௌத்தத் துறவி தனக்காகக் கொல்லப்படாத ஊனை உண்ணலாம் என்ற கொள்கையை நீலகேசி என்ற தமிழ்ச் சமண நூல் கடுமையாக எதிர்த்தது இந்த அடிப்படையில்தான். உண்பவரின் தேவை கொல்பவரின் கையை அசைக்கிறது என்று அது வாதிட்டது. இந்த வாதத்தை அப்படியே ஏற்றால் இந்தக் கரையில் மீன் தின்னும் ஒவ்வொருவரும் கொலையாளி ஆகிவிடுவாரே என்ற கேள்வி எழும். மனித உயிரையும் மீனின் உயிரையும் ஒரே தராசில் வைப்பவர்களுக்கு அந்த முடிவில் தடையில்லை. நான் அப்படி வைக்கவில்லை. நான் எடுத்துக்கொள்வது பொறுப்பைக் கணக்கிடும் முறையை மட்டுமே: மீன் தின்பது குற்றம் இல்லையென்றால் பிடிப்பதும் குற்றம் இல்லை, பிடிப்பது குற்றமென்றால் தின்பதும் குற்றம். ஒன்றை மட்டும் இழிவாக்க அறத்தில் இடமில்லை.

1530களில் பரதவர் கூட்டமாகக் கத்தோலிக்கம் தழுவிய பிறகு, 1542இல் பிரான்சிஸ் சேவியர் வந்து அவர்களுக்குத் தமிழிலேயே மன்றாட்டுகளையும் கட்டளைகளையும் மனனம் செய்வித்தார். கொலை செய்யாதே என்ற கட்டளை அன்றிலிருந்து இந்த ஊர்களின் ஞானோபதேச வகுப்புகளில் ஒலித்து வருகிறது. கத்தோலிக்கர் கணக்கில் அது ஐந்தாவது, சீர்திருத்தச் சபையினர் பலரின் கணக்கில் ஆறாவது. ஆங்கிலத்தில் இதைப் பற்றி நீண்ட சர்ச்சை உண்டு. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியம் இங்கே ‘கில்’ என்ற பொதுச் சொல்லைப் போட்டது. பின்வந்த பல பதிப்புகள் ‘மர்டர்’ என்று மாற்றின. முதலாவது எந்த உயிரை எந்த வகையில் போக்கினாலும் பொருந்தும் சொல். இரண்டாவது தீர்ப்பையும் சேர்த்துச் சொல்வது. மூல எபிரேயச் சொல்லும் போர்க்களச் சாவுக்கு வழக்கமாக வராத சொல் என்பதால் மாற்றத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் இந்த மாற்றத்தை வைத்து, அரசு சட்டப்படி செய்வது எதுவும் அந்தக் கட்டளையின் கீழ் வராது என்று சொல்லிவிடுவோர் அதே விவிலியத்தின் தாவீது கதையை மறந்துவிடுகிறார்கள். உரியாவின் மனைவியைக் கவர்ந்த தாவீது, உரியாவைப் போரின் கடுமையான முனையில் நிறுத்திவிட்டுப் பின்வாங்கும்படி படைத்தலைவனுக்குக் கடிதம் எழுதி, அந்தக் கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினான். அம்மோனியரின் வாள் அவனை வெட்டியது. செய்தி வந்தபோது, வாளுக்கு இன்னார் இனியார் தெரியாது என்ற வகையில் தளபதிக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினான் அரசன். நாத்தான் என்ற இறைவாக்கினர் அவன் எதிரே வந்து, அம்மோனியரின் வாளைக் கொண்டு நீயே அவனைக் கொன்றாய் என்று சாற்றினார். சட்டத்தின் கண்ணில் அது போர்க்களச் சாவு. எதிரியின் கை, போர்க்களம், தளபதி என்று எத்தனை திரைகள் இருந்தாலும் அறத்தின் கண்ணில் அது கடிதம் எழுதியவரின் கொலை. பிலாத்து தண்ணீரில் கை கழுவியதையும் இந்தக் கரை மக்கள் கேட்டிருக்கிறார்கள். கழுவியதால் அவன் விடுபட்டான் என்று எந்தக் குருவும் சொல்வதில்லை.

சட்டமும் இதை அறியாதது அல்ல. மெக்காலே குழு 1837இல் வரைந்து 1860இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டம் மரணம் விளைவித்தல் என்ற நிலையிலிருந்து தொடங்கி, எண்ணம் என்ன, அறிவு என்ன என்று படிப்படியாகப் பிரித்து, கடைசியில்தான் கொலை என்ற பெயருக்கு வந்தது. தூண்டியவரையும், கூடிச் சதி செய்தவரையும், துணை நின்றவரையும் தனித்தனியே பிடிக்க அதில் பிரிவுகள் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவை எண் மாறித் தொடர்கின்றன. ஆகவே பலருடைய கைகளைக் காணும் கண் சட்டத்துக்கு உண்டு. எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்பவர்கள்தான் வேறு. இதற்கு இந்த மாவட்டத்தின் வரலாற்றில் அருகருகே இரண்டு சான்றுகள் கிடைக்கின்றன.

1908 மார்ச் 12 அன்று சுதேசி இயக்கத்தின் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். அந்தச் சாவுகளுக்காக எந்த அதிகாரியும் கூண்டில் ஏறவில்லை. தண்டக் காவல்படை ஒன்று நிறுத்தப்பட்டு, அதன் செலவு ஊரார் தலையில் வரியாக விழுந்தது. வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைந்தது. மூன்றாண்டு கழித்து, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில், தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்து சுதேசி இயக்கத்தை ஒடுக்கி, அப்போது திருநெல்வேலி கலெக்டராக இருந்த ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். சுட்டவன் அங்கேயே பிணமாகக் கிடக்க, அரசு அந்த ஒற்றைக் குண்டுக்குப் பின்னால் இருந்த கைகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தது. நீலகண்ட பிரம்மச்சாரி முதலாக 14 பேர் மேல் சதி வழக்கு நடந்தது. யார் யாரிடம் என்ன பேசினார், எந்த வீட்டில் கூடினார், எந்த உறுதிமொழி எடுத்தார் என்பதெல்லாம் நீதிமன்றத்தில் அலசப்பட்டன. ஒரு கலெக்டரின் சாவுக்கு மட்டும் இந்த முழுக் கணக்கு எடுக்கப்பட்டது. நான்கு குடிமக்களின் சாவில் ஆணையிட்டவர், அனுமதித்தவர், ஆணைக்குக் காரணமான கொள்கையை வகுத்தவர் யாருமே கேட்கப்படவில்லை.

ஆஷ் கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. கொலை என்றே அதை எழுதுகிறேன். அது ‘வதம்’ என்றே பலராலும் போற்றப்பட்டு வந்திருக்கிறது. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதமும் அந்நியரை மிலேச்சர் என்று சுட்டி, சனாதன தர்மத்தின் பெயரால் அந்தச் செயலைச் சமயக் கடமையாக்கியது. வதம், சம்ஹாரம் என்பவை தெய்வம் செய்யும் செயலுக்கு உரிய சொற்கள். திருச்செந்தூர்க் கடற்கரையில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் கண்முன் நடக்கும் சூரசம்ஹாரத்தில் சூரபன்மன் அழிவதில்லை; மயிலும் சேவலுமாகி முருகனின் ஊர்தியும் கொடியும் ஆகிறான். உயிரைப் போக்கிய பிறகு அதற்கு வாழ்வும் இடமும் கொடுக்கக்கூடியவருக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். மனிதரால் உயிரை எடுக்க மட்டும்தான் முடியும். கீதையின் 11ஆம் அத்தியாயம் அர்ச்சுனனை வெறும் கருவியாக இருக்கச் சொல்வதையும், 2ஆம் அத்தியாயம் ஆன்மா கொல்வதுமில்லை கொல்லப்படுவதுமில்லை என்பதையும் எடுத்துக்காட்டி, கடமையாகச் செய்தவர் மேல் பழி ஏறாது என்று வாதிடுவோர் உண்டு. சமயத் தரப்பில் எழக்கூடிய வலுவான மறுப்பு இதுதான். ஆனால் அர்ச்சுனன் யாரோ சொன்னார்கள் என்று வில்லை எடுத்தவன் அல்ல. எதிரே நிற்பவர்களை உறவு சொல்லி அடையாளம் கண்டு, வில்லைக் கீழே போட்டு, கேள்வி மேல் கேள்வி கேட்டவன். எல்லாம் சொன்ன பிறகும் கிருஷ்ணன் அவனிடம், ஆராய்ந்து பார்த்து உன் விருப்பப்படி செய் என்றுதான் முடிவை விடுகிறான். முகம் பார்க்காத கையெழுத்துக்கும், கேள்வி கேட்காத கீழ்ப்படிதலுக்கும் அந்த நூலிலிருந்து பாதுகாப்பு எடுக்க முடியாது.

2018 மே 22க்கு வருகிறேன். தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். பனிமய மாதா ஆலயப் பகுதியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். 17 வயதுச் சிறுமியும் அவர்களில் உண்டு. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டுக்கான தூண்டுதல் இல்லை, ஓடிக்கொண்டிருந்தவர்களும் சுடப்பட்டார்கள் என்று அது கண்டது; காவல்துறையினர் 17 பேர் மேலும், அன்றைய மாவட்ட ஆட்சியர் மேலும், வருவாய்த் துறையினர் சிலர் மேலும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதலமைச்சர் சொன்னதை, அவருக்கு உயர் அதிகாரிகள் தொடர்ந்து தகவல் தெரிவித்து வந்தார்கள் என்று கூறி ஆணையம் ஏற்க மறுத்தது. அரசு ஊழியர் பணி சார்ந்து செய்த செயலுக்கு வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்று அன்றிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவு கூறியது. கூட்டத்தைக் கலைக்கும் செயலுக்கு 132ஆம் பிரிவு தனியே ஒரு காப்பு வைத்திருந்தது. சுட ஆணையிட்டதாகக் காட்டப்பட்டவர்கள் துணை வட்டாட்சியர் நிலையில் இருந்தவர்கள். ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், தலைமைச் செயலகம் எல்லாம் இருக்க, ஒரு நகரத்து மக்களைச் சுடும் முடிவு கடைசியில் ஒரு துணை வட்டாட்சியரின் காகிதத்தில் வந்து நின்றது. பழி எப்போதும் கீழ்நோக்கியே இறங்குகிறது; இறங்கி இறங்கி, தண்டிக்கும் அளவுக்குக் கனமில்லாத ஒருவரிடம் வந்து சேர்ந்துவிடுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது, எல்லோரும் பொறுப்பென்றால் யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடும் என்பது. பொறுப்பை ஒரு தொகைபோல் எண்ணி, பங்கு போட்டால் ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும் என்று நினைப்பதால் வரும் மறுப்பு இது. கொலைப்பழி அப்படிப் பிரியாது. பொற்கொல்லனின் பொய் முழுப் பொய். அரசனின் அசட்டை முழு அசட்டை. காவலனின் வெட்டு முழு வெட்டு. ஒருவரது பங்கைக் கண்டதால் இன்னொருவரது பங்கு குறைவதில்லை. தண்டனையின் அளவு எண்ணத்தையும் அறிவையும் அதிகாரத்தையும் பொறுத்து வேறுபடலாம், வேறுபடவும் வேண்டும். அதிகாரம் கூடக்கூடப் பொறுப்பு கூட வேண்டும் என்பதுதான் என் கட்சி. நடைமுறையில் அது தலைகீழாக இருக்கிறது.

அரசுக்குக் கொல்லும் உரிமை இல்லாமல் ஒழுங்கு நிற்காது என்பது இன்னொரு மறுப்பு. இதற்கும் குறளையே சான்று காட்டுவார்கள். செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள் கொடியவரைக் கொலையால் தண்டிப்பதைப் பயிருக்குக் களை எடுப்பதோடு ஒப்பிடுகிறது. கொல்லாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் இதைச் சொன்னார் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கு அடுத்த குறளையும் படிக்க வேண்டும். கொடுங்கோன்மை அதிகாரம் அதிலிருந்துதான் தொடங்குகிறது: குடிகளை அலைக்கழித்து முறையற்றதைச் செய்யும் வேந்தன், கொலையைத் தொழிலாகக் கொண்டவரைவிடக் கொடியவன். 550க்கும் 551க்கும் நடுவே ஓர் அதிகாரத் தலைப்பு மட்டுமே இருக்கிறது. கொல்லும் உரிமையைக் கொடுத்த கையோடு, அதைத் தவறாகப் பயன்படுத்துபவன் சாதாரணக் கொலைகாரனைவிடக் கீழானவன் என்ற அளவுகோலையும் வள்ளுவர் வைத்துவிட்டார். இன்று துறைமுகம் யார் பெயரில் இருக்கிறதோ அந்த வ.உ.சி., 1935இல் திருக்குறள் அறத்துப்பாலுக்குத் தம் உரையை வெளியிட்டார். அரசின் துப்பாக்கியையும் அரசின் சிறையையும் நேரில் அறிந்த ஒருவர், செக்கிழுத்த உடம்போடு, வறுமையில் இருந்தபடி அற நூலுக்கு உரை எழுதினார் என்பதை இந்த ஊர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

கொல்லும் எண்ணமே இல்லையே, கூட்டத்தைக் கலைக்கத்தானே, விசாரிக்கத்தானே என்பதும் அடிக்கடி கேட்கும் விடை. எண்ணத்துக்கு எடை உண்டு என்பதில் பௌத்தம் உறுதியாக நின்றது. உபாலி என்ற நிகண்டச் (சமணச்) சீடரோடு புத்தர் நடத்திய வாதமே உடல்வினையைவிட மனவினை கனமானது என்பதைப் பற்றியதுதான். சமணத்தின் தத்துவார்த்த சூத்திரம் வேறொரு சொல்லைச் சேர்த்தது. கவனமின்மையோடு கூடிய செயலால் உயிரைப் பிரிப்பதே ஹிம்சை என்பது அதன் வரையறை. பகைமை இருக்க வேண்டியதில்லை; இருக்க வேண்டிய கவனம் இல்லாமல் போனாலே போதும். பாண்டியனுக்குக் கோவலன் மேல் எந்தப் பகையும் இல்லை. அவனை அவன் பார்த்ததே இல்லை. பார்க்காததுதான் குற்றம்.

2020 ஜூன் 19 அன்று இதே மாவட்டத்தின் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்து வைத்திருந்ததாகக் கைதான ஒரு வணிகரும் அவர் மகனும் காவல் நிலையத்தில் அடிக்கப்பட்டு, நெடுந்தொலைவிலுள்ள கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். காவல் நிலையத்துக்கும் சிறைக்கும் இடையே நம் சட்டம் தடுப்புகளை வைத்திருக்கிறது: உடல்நிலையைப் பார்த்துச் சான்று தர ஒரு மருத்துவர், கைதியை நேரில் கண்டு காவலில் வைக்கலாமா என்று முடிவு செய்ய ஒரு நீதித்துறை நடுவர், காயத்தைப் பதிந்து ஏற்றுக்கொள்ள ஒரு சிறை. ஒவ்வொன்றும் ஓர் உயிரைக் காப்பாற்றுவதற்காகவே வைக்கப்பட்ட இடம். அந்த இருவரும் அத்தனை இடங்களையும் கடந்து போனார்கள். எந்த இடத்திலும் யாரும் நிறுத்தவில்லை. பின்னர் மத்திய புலனாய்வுத் துறை ஒன்பது காவலர்கள் மேல் கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அது தேவையானது. ஆனால் மருத்துவர், நடுவர், சிறை என்ற அந்த வரிசையில் கவனமின்மை எங்கெங்கே இருந்தது என்ற கேள்வி, அடித்த கைகளைக் கண்டுபிடித்துவிட்டதால் தீர்ந்துவிடாது.

கீழே இருப்பவரால் என்ன செய்ய முடியும், மறுத்தால் வேலை போகும், உயிரும் போகலாம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அந்த அச்சம் பொய்யானதல்ல. கோவலனுக்கு எதிரே தயங்கிய காவலர்கள் கடைசியில் மௌனமாகத்தான் இருந்தார்கள். சாத்தான்குளத்தில் அந்த இரவில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், விசாரணைக்கு வந்த நடுவரிடம், தன்னோடு வேலை பார்ப்பவர்கள் சுற்றியிருக்க, தான் கண்டதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் எடுக்கச் செய்து, அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும்படி உத்தரவிட்டது.